முதலாளியின் வாக்குக்கு நீங்கள் பிணை நிற்க வேண்டாம்

கேள்வி:

எனக்கு 23 வயது. உயர்தரம் முடித்து ஊடகத்துறையில் டிப்ளோமா செய்தேன். எட்டு மாதமாக யாழ்ப்பாணத்தில் ஒரு வீடியோ ஸ்டூடியோவில் வேலை. எடிற்றிங்தான் என் வேலை, ஆனால் கலியாண வீடு, சாமத்திய வீடு என்றால் இரண்டாவது கமராவும் நான்தான். சில நாட்களில் ட்ரோனையும் என்னைத்தான் பறக்கவிடச் சொல்வார் முதலாளி. பேசிய சம்பளம் 28,000 ரூபா. முதல் இரண்டு மாதமும் ஒழுங்காக வந்தது. பிறகு பத்தாயிரம், ஐயாயிரம் என்று துண்டு துண்டாக வந்தது. இப்போது இரண்டு மாதச் சம்பளம் முழுதாக நிலுவை. நியமனக் கடிதம் இல்லை. ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) கேட்டால் "பிறகு பாப்பம் பிள்ளை" என்கிறார்.

முதலாளி கெட்டவர் இல்லை. அவர் எடுக்கிற ஷொட்டைப் பார்த்துத்தான் இந்த வேலைக்கே ஆசைப்பட்டேன். ஆனால் ஏழு மணிக்கு வருகிறேன் என்றால் பத்து மணிக்கு வருவார், அல்லது போனை நிறுத்திவிடுவார். ஒரே நாளில் இரண்டு கலியாணத்துக்கு அட்வான்ஸ் வாங்கியிருந்தார், கடைசி நேரத்தில் ஒன்றுக்கு என்னைத் தனியாக அனுப்பினார். "உன்னை வைச்சு ஒரு குறும்படம் செய்விக்கிறன்" என்று சேர்ந்த நாளில் இருந்து சொல்கிறார்.

ஒரு கலியாண வீட்டுக்காரர் முழுக் காசும் தந்து ஐந்து மாதம் ஆகிறது. முழு வீடியோவை நான் எடிற் செய்து முடித்துவிட்டேன். ஹைலைட்ஸ் என்ற சின்னத் தொகுப்பைத் தானே வெட்டுவதாகச் சொன்ன முதலாளி இன்னும் தொடவில்லை. மணப்பெண் கனடாவுக்குத் திரும்பிவிட்டா. அவவின் அம்மா மாதாமாதம் கடைக்கு வருகிறா. போன முறை முதலாளி உள்ளே இருந்துகொண்டே "நான் கொழும்புக்குப் போட்டன் எண்டு சொல்லு" என்றார். சொன்னேன். அந்தப் பெண்ணின் அம்மம்மா இடையில் காலமாகிவிட்டா. அவ ஆசீர்வாதம் செய்த காட்சி என் மேசையில் இருக்கிற ஒரேயொரு ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்கிறது. "சம்பளம் தந்தால்தான் டிஸ்க் தருவன் எண்டு சொல்லு" என்று நண்பி சொல்கிறாள்.

சம்பளம் வராதது வீட்டுக்குத் தெரியாது. நண்பியிடம் கடன் வாங்கி அம்மாவிடம் கொடுக்கிறேன். அப்பா முதலிலேயே அரசாங்க வேலைக்குப் படி என்றவர். விலகினால் இந்தச் சின்ன ஊரில் வேறு யாரும் வேலை தருவார்களா? அல்லது எனக்குத்தான் பொறுமை இல்லையா?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது.)

பதில்:

தங்கச்சி, உங்களிடம் பொறுமை அளவுக்கு மேலேயே இருக்கிறது. கடன் வாங்கி வீட்டில் சம்பளம் என்று கொடுக்கிற அளவுக்கு இருக்கிறது. அதனால் அந்தக் கடைசிக் கேள்வியை இனி உங்களிடம் நீங்களே கேட்க வேண்டாம்.

முதல் வேலைக்கு வருகிறவர்களுக்கு எங்கள் தொழிலில் ஒரு பெரிய சிரமம் உண்டு. எது தொழிலின் கஷ்டம், எது முதலாளியின் குறை என்று பிரிக்கத் தெரியாது, இரண்டும் ஒன்றாக வந்து தலையில் விழும். விடியற்காலை நாலு மணிக்குப் பொம்பிளை வீட்டில் லைற் போட்டு நிற்பது தொழில். முகூர்த்தம் ஒன்பது மணி என்று கார்டில் இருக்க, ஐயர் எட்டே முக்காலுக்கே தாலிக்கொடியைத் தட்டோடு தூக்குவது தொழில். பெண் கூறை மாற்றி மணவறைக்குத் திரும்பும்போது வழியை அடைத்து நிற்கிற மாமாமாரை விலத்திக்கொண்டு கமரா ஆடாமல் பின்னால் நடப்பது தொழில். தாங்களே தெரிவு செய்து தந்த பாட்டை, எல்லாம் வெட்டி முடித்த பிறகு "இது வேண்டாம், வேற போடுங்கோ" என்று ரொறன்ரோவில் இருந்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதும் தொழில்தான். இவற்றில் எதற்காகவாவது அலுத்துப்போய் எழுதியிருந்தால், பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு வருடம் நில்லுங்கள் என்று சொல்லியிருப்பேன். எவ்வளவு நல்ல முதலாளியிடம் போனாலும் இவை உங்களை விடாது.

நீங்கள் எழுதியிருப்பவை வேறு. ஒரே நாளுக்கு இரண்டு அட்வான்ஸ் வாங்குவது, பேசிய சம்பளத்தைத் துண்டு போடுவது, ஆள் உள்ளே இருக்க இல்லை என்று சொல்லவைப்பது, எட்டு மாத அனுபவம் உள்ள பிள்ளையை ஒரு கலியாணத்துக்குத் தனியாக அனுப்புவது. இவை எந்தத் தொழிலுக்கும் உரியவை அல்ல. நேரம் பிந்துவதை மட்டும் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். எடிற்றிங் நாளில் பத்து மணிக்கு வருகிற முதலாளியோடு காலம் தள்ளலாம். படப்பிடிப்பு நாளில் பிந்துகிறவரோடு முடியாது, ஏனென்றால் தாலியைத் திரும்பக் கட்டச் சொல்ல முடியாது.

அவர் ஏன் இப்படி ஆனார் என்று நீங்கள் யோசித்துக் குழம்பியிருப்பீர்கள். நானும் இங்கே ஆட்களை வைத்து வேலை செய்கிறவன், அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்து வீடியோத் தொழிலில் வருமானம் வருடம் முழுக்க ஒரே மாதிரி வராது. கனடாவிலும் லண்டனிலும் பள்ளிக்கூடம் விடுமுறை விடுகிற யூலை, ஓகஸ்டில் சனம் நல்லூர்த் திருவிழாவையும் சேர்த்துக்கொண்டு வந்து இறங்கும். சாமத்திய வீடு, குடிபூரல், ஆவணிக் கலியாணம் எல்லாம் அந்த இரண்டு மாதத்தில் குவியும். மார்கழியில் கலியாணம் இல்லை, கடை ஈ ஓட்டும். இதற்குள் 2022 வந்தது. அந்த வருடம் மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. கமராவும் லென்ஸும் இறக்குமதிச் சாமான். அன்றைக்குப் பிறகு கடனிலும் லீசிங்கிலும் சாமான் வாங்கியவர்கள் பலர் மூச்சு விடவில்லை. அப்போது என்ன நடக்கும்? தை மாதக் கலியாணத்துக்கு வாங்கிய அட்வான்ஸில் ஆவணிக் கலியாணத்தின் அல்பம் அச்சாகும். வைகாசிக் கலியாண அட்வான்ஸில் லீசிங் தவணை போகும். உங்கள் சம்பளத்துக்கு இன்னொரு அட்வான்ஸ் வரவேண்டும், அதற்கு இன்னொருவரிடம் "ஓம், அண்டைக்கு நான் ஃப்ரீ" என்று சொல்ல வேண்டும். முடிக்காத வேலைக்குப் புதிதாகக் காசு வராது, அதனால் பழைய வீடியோ எப்போதும் வரிசையில் கடைசிக்குப் போகும். உங்கள் மேசையில் இருக்கிற கலியாணம் ஐந்து மாதமாக அப்படித்தான் கிடக்கிறது.

இது விளங்கினால் அவர் மீதுள்ள கோபம் கொஞ்சம் குறையலாம். குறையட்டும். ஆனால் அந்தக் கடனைச் சுமக்கும் கடமை உங்களுக்கு வராது. காசுக் கஷ்டத்தில் இருக்கிற முதலாளியையும் நம்ப முடியாத முதலாளியையும் பிரித்தறிய எனக்குத் தெரிந்த அளவுகோல் ஒன்றுதான். "பிள்ளை, இந்த முறை சம்பளம் பத்து நாள் பிந்தும்" என்று முன்கூட்டியே முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, பதினோராம் நாள் தருகிறவர் கஷ்டத்தில் இருப்பவர். அவரோடு நிற்கலாம். சம்பள நாளில் போனை நிறுத்துகிறவர் தன் கஷ்டத்தை உங்கள் தலையில் இறக்கிவிட்டுப் போகிறவர். உங்கள் கடிதத்தில் முதல் வகையான ஒரு நாள்கூட இல்லை.

இனி அந்தத் தாயின் விஷயத்துக்கு வருகிறேன். எனக்குச் சம்பளத்தைவிட இதுதான் பெரிதாகப் படுகிறது.

அந்த அம்மா படியேறி வந்தபோது கவுண்டரில் நின்றவர் நீங்கள். "கொழும்புக்குப் போட்டார்" என்று சொன்னவர் நீங்கள். உள்ளே கதிரையில் இருந்தவரின் முகத்தை அவ பார்க்கவில்லை, உங்கள் முகத்தைத்தான் பார்த்தா. நாளைக்கு ஒரு கலியாண வீட்டுப் பந்தியில் இந்தக் கதை வந்தால், கடையின் பெயரோடு "அங்க நிக்கிற பெட்டையும் சேந்துதான் ஏமாத்துது" என்ற பேச்சும் வரும். அவர் கொடுத்த வாக்குக்கு உங்கள் பெயரைப் பிணையாக வைக்கிறார். மாதாமாதம் அந்தப் பிணையில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது. சம்பளம் பிந்தினால் பிறகும் வாங்கலாம். பெயர் அப்படி இல்லை.

அடுத்த முறை அப்படிச் சொல்லச் சொன்னால், சண்டை பிடிக்கத் தேவையில்லை. உள்ளே போய்ச் சத்தம் வைக்காமல் சொல்லுங்கள்: "அண்ணை, இல்லையெண்டு சொல்ல என்னால ஏலாது. 'இப்ப சந்திக்க வசதியில்லையாம்' எண்டு சொல்லுறன். எப்ப வீடியோ குடுப்பம் எண்டு ஒரு திகதி சொல்லுங்கோ, அதையும் சேத்துச் சொல்லுறன்." பொய்யும் இல்லை, காட்டிக் கொடுப்பும் இல்லை. திகதி தராவிட்டால், "திகதி சொல்லேல்லை அம்மா" என்பதும் உண்மைதான்.

நண்பி சொன்ன வழிக்குப் போகவே வேண்டாம். அவ உங்கள் மேல் உள்ள அக்கறையில்தான் சொல்லியிருப்பா. ஆனால் அந்த டிஸ்க்கைப் பிடித்து வைத்தால் முதலாளிக்கு ஒன்றும் ஆகாது. ஐந்து மாதமாக அதைக் கொடுக்காமல் நிம்மதியாக இருக்கிறவர், இன்னும் ஐந்து மாதம் இருப்பார். வலி முழுவதும் அந்தக் குடும்பத்துக்குத்தான். சட்டமும் உங்கள் பக்கம் நிற்காது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், வேலையின் பகுதியாக ஊழியர் உருவாக்கும் படைப்பின் பொருளாதார உரிமை வேலை கொடுத்தவருக்குப் போகும். நீங்கள் இரவிரவாக இருந்து வெட்டியது என்பது உண்மை. ஆனாலும் டிஸ்க்கும் அதில் உள்ளதும் கடைக்குரியவை. இன்றைக்குச் சம்பளம் கிடைக்காத ஊழியராக நியாயத்தோடு நிற்கிற நீங்கள், அதைத் தூக்கிய மறுநாள் பொலிஸில் பதில் சொல்கிறவராக நிற்பீர்கள்.

அதற்குப் பதிலாக அந்த வேலையை நீங்களே முடியுங்கள். ஹைலைட்ஸை ஒரு வாரத்தில் வெட்டி முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். கூடவே எழுதுங்கள்: "அண்ணை, ஹைலைட்ஸ் முடிச்சிட்டன், பாருங்கோ. திருத்தம் இருந்தா வியாழனுக்குள்ள சொல்லுங்கோ. அவை முழுக் காசும் கட்டிட்டினம், வெள்ளிக்கிழமை ரெண்டு வீடியோவையும் அம்மாட்டக் குடுக்கிறன்." அவர் "ஓம்" என்று போட்டால் நல்லது. பதிலே வராவிட்டாலும், காசு கட்டிய வாடிக்கையாளருக்கு முடிந்த வேலையைக் கொடுப்பது கடையில் வேலை செய்கிறவரின் வேலைக்குள் வருவதுதான் என்பது என் எண்ணம். "குடுக்க வேண்டாம்" என்று எழுதினால் மட்டும் நிறுத்துங்கள். அந்தப் பதிலைப் பத்திரமாக வையுங்கள்.

ஆனால் இதற்கெல்லாம் முதல், இன்றைக்கே ஒரு வேலை செய்ய வேண்டும். "ஒரேயொரு ஹார்ட் டிஸ்க்" என்று எழுதியிருக்கிறீர்களே, கடிதத்தில் என்னை ஆகவும் பயப்படுத்திய வரி அதுதான். கணக்கைப் பாருங்கள். 4கே-யில் செக்கனுக்கு 100 மெகாபிற் என்ற அளவில் பதிந்தால் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 45 ஜிபி. இரண்டு கமரா, ஆறு மணித்தியாலம் என்றால் 540 ஜிபி. ஒரு ரெராபைற் டிஸ்க்கில் இரண்டு கலியாணம் அடங்காது. அதனால்தான் சின்னக் கடைகளில் இரண்டாவது பிரதி எடுக்காமல், இடம் காணாது என்று பழையதை அழிக்கிறார்கள். ஒரு தரம் மேசையில் இருந்து வயரோடு இழுபட்டு விழுந்தால் அந்த அம்மம்மா போய்விடுவா. முதலாளியிடம் சொல்லி, கடைக் கணக்கில் இன்னொரு டிஸ்க் வாங்கி முழுவதையும் பிரதி எடுங்கள். அவர் வாங்கித் தராவிட்டால், கடைக் கணினியில் இடம் ஒதுக்கி, முடித்த இரண்டு வீடியோவையும் அம்மம்மா வருகிற மூலக் காட்சிகளையுமாவது இன்றிரவே போட்டு வையுங்கள். மூலக் காட்சிகளை உங்கள் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

இதைச் சொல்லும்போது பழக்கம் ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், எந்தக் கடைக்குப் போனாலும் உதவும். இரண்டு கார்ட் போடக்கூடிய கமராவாக இருந்தால், இரண்டிலும் ஒரே நேரத்தில் பதியும்படி செற் பண்ணிவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைக்க வேண்டும். சோனி கமரா என்றால் கார்டில் இருந்து வீடியோக் கோப்புகளை மட்டும் பொறுக்கி இழுக்காமல், ஃபோல்டர் முழுவதையும் அப்படியே பிரதி எடுங்கள். இரண்டாவது பிரதியில் இருந்து இரண்டு மூன்று கிளிப்பைத் திறந்து, கடைசி நிமிடம் வரை ஓடுகிறதா என்று பார்த்த பிறகுதான் கார்டை ஃபோர்மற் பண்ண வேண்டும். நான் ஆள் எடுக்கும்போது முதலில் பார்ப்பது இதைத்தான். கலர் கிரேடிங் (நிறம் சரிசெய்வது) பிறகு படிப்பிக்கலாம்.

ட்ரோன் விஷயத்தை நீங்கள் ஒரு வரியில் கடந்து போயிருக்கிறீர்கள். நான் கடக்க மாட்டேன். ட்ரோன் பறக்கவிடுவதற்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகள் இருக்கின்றன, பதிவு இருக்கிறது. பலாலியில் விமான நிலையமும் குடாநாடு முழுக்கப் படைமுகாம்களும் இருக்கிற இடத்தில், ரிமோட் யாருடைய கையில் இருக்கிறதோ அவரிடம்தான் கேள்வி வரும். பதிவுப் பத்திரத்தைக் கண்ணால் காணாமல் ரிமோட்டைத் தொட வேண்டாம்.

இப்போது சம்பளம். 2025 ஏப்ரலில் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 27,000 ரூபாவாக இருந்தது. 2026 ஜனவரி 1 முதல் அது 30,000. ஆகவே உங்களுக்குப் பேசிய 28,000 ரூபாவே ஜனவரியில் இருந்து சட்டத்துக்குக் குறைவு. நிலுவையைக் கணக்குப் பார்க்கும்போது ஜனவரியில் இருந்து ஒவ்வொரு மாதத்துக்கும் அந்த வித்தியாசத்தையும் சேர்த்துப் போடுங்கள்.

ஈபிஎப் "பிறகு பார்க்கிற" விஷயம் அல்ல. கடையில் ஒரே ஒருவர் வேலை செய்தாலும், நிரந்தரமோ தற்காலிகமோ, முதல் நாளில் இருந்தே போட வேண்டும். உங்கள் சம்பளத்தில் 8 வீதம் கழித்து, முதலாளி தன் பங்காக 12 வீதம் போடுவார். ஈரிஎப்புக்கு (ஊழியர் நம்பிக்கை நிதிக்கு) 3 வீதம், அதுவும் முதலாளியின் காசு. 30,000 ரூபாச் சம்பளத்துக்கு அவருடைய கையில் இருந்து மாதம் 4,500 ரூபா உங்கள் பெயருக்குப் போயிருக்க வேண்டும். நேரம் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தில் ஒரு நாளுக்கு 8 மணித்தியாலம், ஒரு வாரத்துக்கு 45 மணித்தியாலம்தான் வழமையான வேலை. அதற்கு மேல் ஒன்றரை மடங்கு. மாதச் சம்பளம் மாதம் முடிந்து பத்து நாளுக்குள் கையில் வர வேண்டும். வேலை நிபந்தனைகளை எழுத்தில் தர வேண்டியதும் அவருடைய கடமைதான். கடிதம் தராததால் உங்கள் உரிமை இல்லாமல் போகாது. வங்கிக்கு வந்த பத்தாயிரம், ஐயாயிரம், "நாளைக்கு நாலு மணிக்கு வா" என்ற வாட்ஸ்அப், கலியாண வீட்டில் நீங்கள் கமராவோடு நிற்கிற படம் எல்லாம் சாட்சிதான். இவற்றை இன்றே ஒரு இடத்தில் சேமியுங்கள். ஒரு கொப்பியில் எந்த நாள் எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்கு வீடு வந்தீர்கள் என்று நினைவு இருக்கும்போதே எழுதுங்கள்.

அவரோடு ஒரு தரம் நேரே கதைக்க வேண்டும். படப்பிடிப்பு நாளில் வேண்டாம், மற்றப் பெடியள் முன்னால் வேண்டாம். கதைத்த கையோடு அதையே எழுத்திலும் அனுப்புங்கள்: "அண்ணை, ரெண்டு மாதச் சம்பளம் நிலுவையில இருக்கு. இந்த மாதம் 25ஆம் திகதிக்கு முதல் ஒரு மாதமும், அடுத்த 25க்கு முதல் மற்ற மாதமும் வேணும். முதலாவது வராட்டி அடுத்த நாளில இருந்து நான் வேலைக்கு வரமாட்டன். கையில உள்ள வேலையெல்லாம் எழுதித் தந்திட்டுத்தான் போவன்." மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை, ஆனால் திகதி இருக்கிறது. இவ்வளவு நாளும் நீங்கள் கேட்டதில் அது மட்டும் இல்லாமல் இருந்திருக்கும்.

அவர் கோபிக்க மாட்டார் என்று நினைக்கிறேன். பாசமாகக் கதைப்பார். இரண்டாயிரம் மூவாயிரம் கையில் வைப்பார். குறும்படக் கதை திரும்பவும் வரும். கதை எழுதப்படவில்லை, திகதி இல்லை, நடிக்க ஆள் இல்லை, செலவுக்குக் காசு இல்லை என்றால் அப்படி ஒரு படம் இல்லை, தங்கச்சி. அதைச் சம்பளத்தின் பகுதியாக நினைத்து மனதில் கணக்குப் போட்டு வைத்திருந்தால் இன்றே அழித்துவிடுங்கள். படம் செய்ய ஆசை என்றால் இரண்டு நண்பிகளைச் சேர்த்து, உங்கள் போனிலேயே ஐந்து நிமிடத்துக்கு ஒன்று எடுங்கள். யாழ்ப்பாண சர்வதேச திரைப்பட விழா 2015இல் இருந்து இங்கே நடக்கிறது, குறும்படங்களுக்கும் அங்கே இடம் உண்டு. யாரும் உங்களை இயக்குநர் ஆக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

25ஆம் திகதி சம்பளம் வராவிட்டால் சொன்னபடி நில்லுங்கள். வராது என்றே நினைக்கிறேன், எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. முடிந்த வேலை எது, முடியாதது எது, எந்தக் கோப்பு எந்த டிஸ்க்கில், எந்த வீட்டுக்கு என்ன பாக்கி என்று ஒரு கடதாசியில் எழுதி, அதைப் படம் எடுத்து அவருக்கும் அனுப்பிவிட்டு, திறப்பைக் கொடுத்துவிட்டு வாருங்கள். பிறகு நிலுவைக்காகத் தொழில் திணைக்களத்தின் யாழ்ப்பாண அலுவலகத்துக்குப் போங்கள். முறைப்பாடு கொடுக்கக் கட்டணம் இல்லை, சட்டத்தரணி தேவையில்லை. அங்கே இரு தரப்பையும் கூப்பிட்டு விசாரிப்பார்கள். "ஒரு பெட்டை தன்னந்தனியப் போய் என்ன செய்யிறது" என்று தயங்க வேண்டாம், அப்பாவைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

அதற்கு அப்பாவுக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும். வீட்டில் சொல்லுங்கள். கடையில் முதலாளிக்காகப் பொய் சொன்னீர்கள். வீட்டிலும் அவர் தரவேண்டிய சம்பளத்தைக் கடன் வாங்கி நீங்களே கட்டுகிறீர்கள். கடை நன்றாக நடக்கிறது என்று உங்கள் அம்மா நம்புவதற்கு உங்கள் நண்பியின் காசு போகிறது. அந்தக் கடனை இந்த மாதத்தோடு நிறுத்துங்கள். அப்பா "அப்பவே சொன்னன்" என்று ஒரு நாள் ஏசுவார். அரசாங்க வேலையின் நிச்சயத்தை அவர் விரும்புவதில் பிழை இல்லை. யாழ்ப்பாணத்தில் இரண்டு தலைமுறை அதை நம்பித்தான் பிள்ளைகளைப் படிப்பித்தது. நீங்கள் அவரோடு வாதாடத் தேவையில்லை. சம்பளக் கணக்கையும் கொப்பியையும் அவர் முன்னால் வையுங்கள். தொழில் பிழையா, முதலாளி பிழையா என்று அவரே பார்க்கட்டும்.

ஊர் சின்னது என்று பயப்படுகிறீர்கள். ஊர் சின்னது என்பதால்தான் நான் பயப்பட வேண்டாம் என்கிறேன். லைற் வாடகைக்கு விடுகிறவர், அல்பம் அச்சடிக்கிற கடைக்காரர், மண்டபத்துக்காரர், மணவறைக்காரர் எல்லாருக்கும் அவரை ஏற்கெனவே தெரியும். அங்கே இருந்து ஏன் விலகினாய் என்று உங்களை யாரும் பெரிதாகக் கேட்க மாட்டார்கள். கேட்டால் "சம்பளம் ஒழுங்காக வரேல்லை" என்ற ஒரு வசனத்தோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் அவரைப் பற்றிக் குறை சொன்னால், கேட்கிறவர் நாளைக்குத் தன்னைப் பற்றியும் இப்படித்தான் கதைப்பீர்கள் என்று யோசிப்பார். அதைவிட, அந்த அம்மாவிடம் வீடியோவைக் கொண்டுபோய்க் கொடுத்தவர் நீங்கள் என்பது அவவின் வாயாலேயே நாலு வீட்டுக்குப் போகும்.

விலகும்போது உங்கள் வேலையைக் காட்ட இரண்டு நிமிடத் தொகுப்பு ஒன்று கையில் இருக்க வேண்டும். முதலாளியிடம் அனுமதியை எழுத்தில் கேளுங்கள், அந்தந்தக் குடும்பத்திடமும் கேளுங்கள். சாமத்திய வீட்டுக் காட்சி எதையும் போடாதீர்கள், அது ஒரு சிறு பிள்ளையின் முகம். அனுமதி கிடைக்காவிட்டால் கோவில் திருவிழா, சந்தை, பண்ணைக் கடல் என்று நீங்களே எடுத்து வெட்டுங்கள். இடைக்காலத்தில் நாள் கூலிக்கு இரண்டாவது கமராவாகப் போகலாம், வெளிநாட்டில் இருந்து யூடியூப் நடத்துகிறவர்களுக்கு இங்கே இருந்து எடிற் செய்து கொடுக்கலாம். அப்படிச் செய்யும்போது பாதிக் காசு வந்த பிறகே எடிற்றிங்கைத் தொடங்குங்கள், மீதி வந்த பிறகு தண்ணீர்க்குறி (வாட்டர்மார்க்) இல்லாத கோப்பைக் கொடுங்கள்.

புது இடத்தில் சேருகிறபோது முதல் நாளே நாலு விஷயம் கேளுங்கள். சம்பளம் எத்தனையாம் திகதி? ஈபிஎப் எந்த மாதத்தில் இருந்து? ஒரே நாளில் இரண்டு வேலை வந்தால் என்ன செய்வீர்கள்? வாடிக்கையாளருக்குப் பதில் சொல்வது யார்? கேட்டதற்காக முகம் சுளிக்கிறவரிடம் போக வேண்டாம். பதில் சொல்கிறவரிடம், அந்தப் பதிலை ஒரு கடிதத்தில் போட்டுத் தரச் சொல்லுங்கள்.